பொளிச்சது யார்?

போன மாதம் அனிதா பொள்ளாச்சிப் பக்கம் கோபாலபுரத்துக்கு என் வீட்டைத் தேடி வந்தாள். என் பழைய அலுவலகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பயிற்சிக்கு வருகிறவர்களுக்காக ஒரு சிறு புத்தகம் போடுகிறார்களாம், அதில் என் அனுபவத்தை நாலு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். "படிக்கறவங்களுக்கு உற்சாகமா இருக்கணுங்க சார்" என்றாள். சரி என்று தலையாட்டினேன்.

போகும்போது கைபேசியை எடுத்து, அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் செயலியைக் காட்டினாள். ஒரு பழைய கட்டடத்தில் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்பதை இனிமேல் நோட்டில் எழுத வேண்டாம், இதில் தொட்டால் போதும். பச்சை, மஞ்சள், சிவப்பு. சும்மா இருக்க மாட்டாமல் ஒரு சிவப்பைத் தொட்டு அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. மறுபடியும் தொட்டேன். போகவில்லை.

"சிவப்பு இருந்தா சப்மிட் ஆகாதுங்க சார். மொதல்ல அத மஞ்சளாக்கோணும்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கைபேசியைத் தென்னந்தோப்புக்குள் வீசியிருப்பேன். அலுவலகச் சாமான் இல்லை, அவளுடைய சொந்தக் கைபேசி என்பதால் தப்பித்தது. யாரோ ஒருவன் குளிர்பதன அறையில் உட்கார்ந்துகொண்டு, ஆபத்து என்று சொல்வதற்கே வழியில்லாதபடி ஒரு சாமானைச் செய்து கொடுத்திருக்கிறான். அதற்குக் கைதட்டி வாங்கியும் இருக்கிறார்கள். எனவே உற்சாகமாக எழுதப்போவதில்லை. போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் கிழித்துப் போடட்டும்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கப் பணம் கொடுக்கிறவர்கள் சும்மா கொடுப்பதில்லை, நிபந்தனைகளோடு கொடுப்பார்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டு தொடக் கூடாது. பழைய மரத்தைக் கழற்றினால் படம் எடுத்து எண் போட வேண்டும். ஒரு கட்டத்தைச் சரிபார்த்த பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும். அவை காப்பாற்றப்படுகின்றனவா, கட்டடத்துக்கும் ஆளுக்கும் என்ன கேடு வரக்கூடும் என்று பார்த்து எழுதுகிறவன் நான். விசிட்டிங் கார்டில் நீளமாக ஒரு பதவிப் பெயர் இருந்தது. வேலை நடக்கும் இடத்தில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. "கண்டிசன் சார்" என்பார்கள். "கண்டிசன் சார் வர்றாரு, பீடிய அணைங்கடா" என்று சொல்வதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் படித்தது, பாலக்காட்டுப் பக்கம் சித்தூரில் ஒரு காண்டிராக்டரிடம் அளவு நாடா பிடித்துக்கொண்டு அலைந்தது, பிறகு பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் இந்தக் கேரளத்து அறக்கட்டளையில் சேர்ந்தது எல்லாவற்றையும் ஒரு வரியில் முடித்துக்கொள்கிறேன். சேர்ந்த புதிதில் எனக்குப் புத்தகமே தெய்வம். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தின் பழைய நெல் களஞ்சியம் எங்கள் கைக்கு வந்தது. ஓட்டைப் பிரித்து வைத்திருந்த நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்காரர் நாச்சிமுத்து தார்ப்பாயை விரித்து நாலு ஆணி அடிக்கப் போனார். பழைய மரத்தில் ஆணி அடிக்கக் கூடாது என்பது நிபந்தனை. நான் தடுத்துவிட்டேன். மேலிடத்துக்குக் கடிதம் போட்டு, பதில் வரட்டும் என்றேன். பதில் வரவில்லை, மழைதான் வந்தது. மூன்றாம் நாள் மண்சுவர் கரைந்து உட்கார்ந்துவிட்டது.

"ஏனுங்க, இது நெல்லு வெக்கற ஊடுங்க. உங்க காயிதம் வெக்கற ஊடு இல்லீங்க" என்றார் நாச்சிமுத்து. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த 'ங்க'வை ஒன்றுகூட விடாமல் சொன்னார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு நிபந்தனை எதைக் காப்பாற்ற எழுதப்பட்டது என்று பார்க்காமல் அதைப் பிடித்துத் தொங்குகிறவன் மடையன் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதாக நினைத்தேன்.

கடைசி ஆறேழு வருடம் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சசிதரன் சார். குரலை உயர்த்திப் பேசி ஒருநாளும் கேட்டதில்லை. அறைக்குள் போனால் முதலில் சாயா. பிறகு ஊர் விசாரிப்பு, மழை உண்டா, தேங்காய் எப்படி என்று. அதற்குப் பிறகுதான் விஷயம். எதைக் கேட்டாலும் "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம், பார்க்கமாட்டேன் என்று பொருள். அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. பேனாவைக் கையெழுத்துக்கு மட்டும்தான் எடுப்பார். மற்ற உத்தரவெல்லாம் கோப்பின் ஓரத்தில் பென்சிலால். பிளேடால் கூராகச் சீவிய பென்சில், சட்டைப் பையில் ஒரு ரப்பர். நாம் அதைப் படித்து வேலையை முடித்த பிறகு கோப்பு அவரிடம் திரும்பிப் போகும். மறுபடி பார்த்தால் ஓரம் சுத்தமாக இருக்கும். இத்தனை வருடமும் இதை நாங்கள் எல்லாரும் ஒரு சாமர்த்தியம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோமே தவிர, ஒருவரும் கேட்கவில்லை. எங்களைச் சொல்ல வேண்டும்.

இனி கோயில் கதை. சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகள் கட்டிய கத்தோலிக்கக் கோயில் அது. தோட்டத்துத் துரைக்குத் தனிக் கோயில் இருந்தது, இவர்களை அதில் வாசலோடு நிறுத்தியிருக்கிறார்கள். ஆறு நாள் கொழுந்து பறித்துவிட்டு ஏழாம் நாள் ஓடையிலிருந்து கல் சுமந்து இவர்கள் தங்களுக்கென்று ஒன்று எழுப்பிக்கொண்டார்கள். நூறு வயதைத் தாண்டிய கட்டடம். பீடத்துக்குப் பின்னால் இருந்த கிழக்குச் சுவருக்கு வயிறு தள்ளியிருந்தது. அதன் பின்னால் மண்மேடு, மழையில் ஊறி ஊறிச் சுவரைத் தள்ளிக்கொண்டே இருந்தது.

அந்தச் சுவரை நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே விரல் அகலக் கண்ணாடிச் சில்லுகளைச் சாந்தால் ஒட்டி, தேதியைக் கீறி வைத்தோம். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். திங்கட்கிழமை தோறும் தூக்குக்குண்டு விட்டு, சுவர் எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்று அளந்தோம். உள்ளேயிருந்து பத்து மரமுட்டுகள் கொடுத்து நிறுத்தியிருந்தோம். கல்லிடுக்கில் சுண்ணாம்புக் கரைசல் ஊற்றி, அது இறுகி, மழைக்காலமும் கழிந்த பிறகே முட்டுகளை எடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. கோபாலபுரத்திலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர், மூணாறு என்று ஒரு முழுநாள் பஸ்ஸில் ஆடிக்கொண்டு போய், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆபத்துப் பதிவேட்டை நிரப்புவேன். கிழக்குச் சுவர் ஆரம்பத்திலிருந்தே சிவப்பு. பூசை பக்கத்துத் தகர ஷெட்டில் நடந்தது.

அங்கே கொத்தனார் மரியதாஸ். தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்திலேயே பிறந்து வளர்ந்த ஆள், அவருடைய தாத்தாவும் அந்தக் கல் சுமந்தவர்களில் ஒருவர். பேச்சு அப்படியே தென்பாண்டிச் சீமை. முந்தி யாரோ சிமெண்டு பூசி வைத்திருந்ததை அவர் உரித்தெடுத்தார். பிறகு கல்லின் முகத்தை உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தினார், வழுவழுப்பான கல்லில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதால். ஒரு கல்லுக்கு இவ்வளவுதான், இத்தனை ஆழம்தான் என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். ஒரு நூல் பிசகவில்லை.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அன்றன்றைக்குச் செய்த வேலையைச் செய்கிறவரே ஒரு நோட்டில் எழுத வேண்டும், எந்த மொழியிலும் எழுதலாம். மரியதாஸ் கூச்சப்பட்டார்.

"எனக்கு என்ன சார் எழுத வரும்? அஞ்சாங் கிளாசோட சரி."

"நீங்க பேசறாப்புலயே எழுதுங்க. அது போதுங்க."

நான்தான் சொன்னேன். என் வாயால் சொன்னேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிதி கொடுக்கிறவர்களின் ஆட்கள் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. சிவப்பு இருக்கும் கட்டடத்துக்குள் விருந்தாளிகளை விடக் கூடாது என்பது அவர்களே போட்ட விதி. சசிதரன் சார் கூப்பிட்டார். சாயா வந்தது. மழை விசாரித்தார். தேங்காய் விசாரித்தார்.

"பழனிச்சாமி, அந்தச் சுவர் எத்தர மாசமா நிக்குது?"

"முட்டுல நிக்குதுங்க சார்."

"நிக்குதில்லே? பின்னே எதுக்கு சிவப்பு? சிவப்பு கண்டா அவங்க உள்ளே கேற மாட்டாங்க. ஒரு மஞ்சள் ஆக்கிக்கூடே?"

நான் அரைமணி நேரம் பேசினேன். அவர் ஒன்றும் மறுக்கவில்லை, புன்னகையோடு கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் புன்னகைதான் ஆளைத் தின்றுவிடும். கடைசியில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். மஞ்சள் என்று போட்டு, குறிப்புப் பத்தியில் 'முட்டுகள் இருக்கும் வரை மட்டும்' என்று எழுதினேன். நானும் தோற்கவில்லை, அவரும் தோற்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தூ! மேலே போன அறிக்கையில் நிறம் மட்டும்தான் போனது, குறிப்புப் பத்தி போகவில்லை.

விருந்தாளிகள் வருகிற நாள் காலையில் கோயிலுக்குள் போனால் முட்டு ஒன்றுகூட இல்லை. பத்தும் தகர ஷெட்டுக்குப் பின்னால் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. காண்டிராக்டரின் ஆட்கள் எடுத்திருந்தார்கள், மரியதாஸுக்கு அன்றைக்கு லீவு கொடுத்துவிட்டார்கள். அங்கே வந்திருந்த சசிதரன் சாரிடம் ஓடினேன்.

"சார், முட்டு எங்கீங்க?"

"ஒரு நாள் அல்லே பழனிச்சாமி? போட்டோவில விறகுக்கடை மாதிரி இருக்கு." கோப்பைத் திருப்பிக் காட்டினார். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது, முட்டு ஒரு நாளைக்கு எடுக்கலாம் என்று. எனக்கு அனுமதிச் சீட்டு காட்டுகிறாராம்!

அவர்கள் வந்தார்கள், பீடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள், போனார்கள். சாயங்காலம் முட்டுகளைத் திரும்ப வைக்கச் சொன்னேன். ஆட்கள் போய்விட்டார்கள், "நாளைக்கு நோக்காம்" என்றார் சசிதரன் சார். மரியதாஸ் அப்போதுதான் மேலே ஏறி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவருக்கு முகம் செத்துவிட்டது.

"சார், முட்டு இல்லாம இந்தச் சுவரு நிக்காது. நாலு ஆள கூட்டிட்டு வாரேன், இப்பவே வச்சிருவோம்."

"நாளைக்கு வெச்சிருவாங்க மரியதாஸ். சொல்லியாச்சு. நீங்க போங்க."

எனக்குக் கடைசி ஜீப்பைப் பிடிக்க வேண்டியிருந்தது. நாச்சிமுத்துவின் தார்ப்பாயைத் தடுத்த அதே வாய்தான் இதையும் சொன்னது. மறுநாள் விடியற்காலை மழையில் சுவர் விழுந்தது. உள்ளே ஆள் இல்லாததால் உயிர்ச்சேதம் இல்லை. மாதா சுரூபம் இருந்த மாடத்தோடு எல்லாம் முன்பக்கமாகச் சரிந்து கிடந்தது. வயசான பெண்கள் மழையில் நனைந்துகொண்டு அந்தக் கல்குவியலுக்கு முன்னால் முழங்காலில் நின்றதைப் பார்த்தேன்.

நாலாம் நாள் கோயில் கதவில் எங்கள் அலுவலக நோட்டீஸ் ஒட்டப்பட்டது, மலையாளத்தில். கொத்தனார் மரியதாஸ் அனுமதியில்லாமல் கிழக்குச் சுவரை இடித்து நீக்கியதால் விபத்து நடந்தது என்றும், அவரே தம் கைப்பட அதை எழுதி வைத்திருக்கிறார் என்றும் அதில் இருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நோட்டை மொழிபெயர்த்த எங்கள் கிளார்க் பினுவைப் பிடித்துக் கேட்டேன். பயந்துபோன பினு நோட்டின் நகலைக் காட்டினான். மரியதாஸின் கோணல் எழுத்தில் இருந்தது: 'கிழக்குச் சுவர் முழுக்கப் பொளிச்சாச்சு.'

"பொளிச்சு எந்நல்லே சாரே எழுதியிருக்கு?"

தலையில் அடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் அம்மியைக் கொத்துவது என்போம், தென்பக்கத்தார் பொளிவது என்பார்கள். உளியால் கல்லின் முகத்தில் புள்ளி போடுவது, அவ்வளவுதான். மலையாளத்தில் பொளிச்சு என்றால் இடித்துத் தள்ளியாயிற்று என்று அர்த்தம். எழுத்துக்கு எழுத்து ஒரே சொல். பினு ஆலுவாக்காரன், எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பான், அர்த்தம் அவன் மொழியிலிருந்து வரும். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. உடனே சசிதரன் சாருக்குப் போன் போட்டு விவரமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். "அப்படியோ? நோக்காம்" என்றார். நோட்டீஸ் கதவில் அப்படியே இருந்தது. அறியாமல் செய்த பிழை அந்த நிமிஷத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது அயோக்கியத்தனம்.

மூன்று வாரம் கழித்து விசாரணைக்கு மூன்று பேர் கொண்ட குழு வந்தது. அதற்கு முந்தின நாள் சின்னக்கானலில் விருந்தினர் விடுதிக்கு என்னை வரச் சொன்னார் சசிதரன் சார். மேசைமேல் நோட்டின் மொழிபெயர்ப்பு, அடியில் 'மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது' என்று அடித்து, என் பெயர், கையெழுத்துக்கு இடம். அலுவலகத்தில் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த அதிகாரி நான் ஒருவன்தான்.

"ஒரு ஒப்பு போட்டா மதி." ஒரு கையெழுத்துப் போட்டால் போதுமாம்.

"இது தப்புங்க சார். நான்தான் சொன்னேனுங்களே."

"வார்த்தை அதுதானே? நான் ஒண்ணும் சேர்க்கலையே." சாயாவை என் பக்கம் நகர்த்தினார். "பழனிச்சாமி, நம்ம பேர்ல குத்தம் வந்தா இந்தக் கிராண்ட் மட்டுமில்லே, எல்லாம் நிக்கும். ஏழு கட்டடம் ஓடு பிரிச்சுக் கிடக்கு. ஒரு மேஸ்திரி வேற ஜோலி பாத்துக்குவான். உங்களுக்கும் ரிட்டயர்மென்ட் ரெண்டு மாசம்தானே?"

அங்கேயே அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். செய்யவில்லை. "காலையில பாக்கறேனுங்க சார்" என்று எழுந்து வந்துவிட்டேன். ஏழு கட்டடம் என்றது என் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஏழிலும் நான் கண்ணாடிச் சில்லு ஒட்டியிருந்தேன்.

விசாரணை தகர ஷெட்டில் நடந்தது, நான் கையெழுத்துப் போடாமலே போய் உட்கார்ந்திருந்தேன். குழுவுக்குத் தலைவி ஆலீஸ் மேடம், திருச்சூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற பொறியாளர், தமிழ் தெரியாது. மரியதாஸ் ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கதவில் ஒட்டிய நோட்டீஸை யாரோ ஒரு பள்ளிக்கூடப் பெண் அவருக்குப் படித்துச் சொல்லியிருந்தாள். இடித்ததாகத் தன்மேல் பழி போட்டிருக்கிறார்கள் என்று தெரியும். தன்னுடைய எந்தச் சொல்லை வைத்துப் போட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. நான் சொல்லியிருக்க வேண்டும். அந்த மூன்று வாரமும் அவர் முகத்தைப் பார்க்கும் துணிவில்லாமல் அந்தப் பக்கமே போகவில்லை.

மேடம் மலையாளத்தில் நிதானமாகக் கேட்டார்.

"ஆரா ஈ சுவர் பொளிச்சது?"

மரியதாஸ் நிமிர்ந்தார். மூன்று வாரத்தில் முதல்முறையாகத் தனக்குத் தெரிந்த ஒரு கேள்வி வந்திருக்கிறது.

"நாந்தான் மேடம் பொளிச்சேன்."

"முழுவனுமோ?"

"ஆமா மேடம். வேற ஒருத்தனையும் தொட விடல. ஒரு கல்லு பாக்கியில்லாம என் கையாலதான் பொளிச்சேன். சந்தேகம்னா கண்டிசன் சார்ட்ட கேளுங்க."

கிளார்க் பினுவின் பேனா ஓடுகிற சத்தம் கேட்டது. சசிதரன் சார் தலையைக் குனிந்துகொண்டார், வருத்தப்படுகிறவர் போல. மரியதாஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். நல்ல பதில் சொல்லிவிட்டோம் என்ற சிரிப்பு அது.

நாற்காலி பின்னால் விழுகிற மாதிரி எழுந்தேன். "எழுதாதே! பினு, பேனாவைக் கீழே வை!" என்று கத்தினேன். முப்பது வருஷ சர்வீஸில் நான் அப்படிக் கத்தியதில்லை. "ஒரு சொல்லை வெச்சு ஒரு மனுசனைக் கொல்லப் பாக்கறீங்களா? வெளிய வாங்க மேடம். கல்லைப் புரட்டிப் பாருங்க!"

நல்லவேளை, அந்த அம்மா சட்டம் பேசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு முதலில் வெளியே நடந்தவர் அவர்தான். கல்குவியல் விழுந்தபடியே கிடந்தது. நானும் அங்கே நின்ற இரண்டு பேரும் ஒரு கல்லைப் புரட்டினோம். உள்முகத்தில் உளிப்புள்ளிகள், ஒரே ஆழம், ஒரே இடைவெளி. அடுத்த கல்லிலும். அடுத்ததிலும். இடிக்கப் போகிற சுவரின் ஒவ்வொரு கல்லுக்கும் எவனாவது உட்கார்ந்து இப்படிப் புள்ளி வைப்பானா? மேடம் விரலால் தடவிப் பார்த்தார். மரியதாஸிடம் உளியைக் காட்டி, செய்து காட்டச் சொன்னார். விஷயம் அப்போதுதான் மரியதாஸுக்கு மெல்ல மெல்லப் புரிய ஆரம்பித்தது. உட்கார்ந்து நாலு தட்டு தட்டினார். புள்ளி வரிசை தப்பவில்லை.

"இதாணோ உங்க பொளி? பருக்கனாக்குன்னது!" என்றார் மேடம். சொரசொரப்பாக்குவதா என்று கேட்கிறார். பிறகு முகம் மாறி, "அப்போ சுவர் எங்கனெ வீணு?" என்று, அது விழுந்தது எப்படி என்று கேட்டார்.

முட்டு எடுத்ததைச் சொன்னேன். பென்சில் எழுத்தைச் சொன்னேன். என் மஞ்சளையும் சொன்னேன். கோப்பு வரவழைக்கப்பட்டது. ஓரம் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது.

அறிக்கை ஒரு மாதம் கழித்து வந்தது. அந்த அம்மா என்ன எழுதிக் கொடுத்தாரோ எனக்குத் தெரியாது, கடைசியாக வெளியே வந்ததில் கனமழையால் சுவர் சரிந்தது என்று இருந்தது. மொழிக் குழப்பம் ஒன்று ஏற்பட்டுச் சரிசெய்யப்பட்டதாக ஒரு வரி. முட்டு என்ற சொல்லே இல்லை. குற்றவாளி ஒருவரும் இல்லை. மரியதாஸின் பெயரும் இல்லை, இடித்தார் என்றும் இல்லை, இடிக்கவில்லை என்றும் இல்லை. நோட்டீஸைக் கிழித்தார்கள், பதிலுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. ஏழு கட்டடத்துக்கும் பணம் தடையில்லாமல் வந்தது. சசிதரன் சாருக்கு ஒரு பாராட்டு விழாவும் நடந்தது, போய்க் கேளுங்கள்!

நான் லயத்துக்குப் போனேன். மரியதாஸின் மனைவி ஆரோக்கியம் கொழுந்து எடுக்கிறவர். கதவைத் திறந்தவர் என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"கொழுந்து நிறுக்குற எடத்துல எம் பக்கத்துல ஒருத்தி நிக்க மாட்டேங்கா. கோயில இடிச்சவம் பொண்டாட்டியாம். அந்தக் கோயிலுக்கு அவுக தாத்தா கல்லு சொமந்தாரு சார். ஒங்க காயிதத்த பாத்துட்டுத்தான எல்லாரும் பேசுதாக?"

"விசாரணையில அவர் மேல குத்தமில்லைன்னு ஆயிருச்சுங்க..."

"அத யாரு சார் எங்களுக்குச் சொன்னா?"

உள்ளேயிருந்து மரியதாஸ் வந்தார். ஒரு வீட்டிலும் அவரை வேலைக்குக் கூப்பிடவில்லை. "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சார். நான் இடிக்கலன்னு ஒரு காயிதம். எங்காளுகளுக்கு வெளங்குற மாதிரி தமிழ்ல. அம்புட்டுதான்."

அலுவலகத்தில் கேட்டேன். கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது, தமிழில் கடிதம் கொடுக்க வகையில்லை, தேவையென்றால் அறிக்கையின் நகலுக்கு மலையாளத்தில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். பழி சொல்ல மட்டும் வகை இருந்தது! எனக்கு இன்னும் ஒன்பது நாள் சர்வீஸ் பாக்கி. விதி மீறக் கூடாது, விதி மீறக் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான், அலுவலகத்தின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்து, தமிழில் எழுதி, பேனாவால் கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன். சசிதரன் சார் மறுநாளே போன் செய்தார். அன்றைக்குச் சாயாவும் இல்லை, தேங்காயும் இல்லை. மெமோ வந்தது. பென்ஷன் கோப்பு இன்றுவரை எங்கோ 'நோக்கி'க்கொண்டிருக்கிறது. அந்த மெமோவுக்கு நான் பதில் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், சாமியாருக்கு உதவியாக இருக்கும் கோயில் உபதேசியார் கடிதத்தை வாசித்தார். ஷெட்டில் கடைசி வரிசையில் நான் நின்றிருந்தேன். கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'கொத்தனார் மரியதாஸ் கிழக்குச் சுவரை இடிக்கவில்லை. அவர் எங்கள் சொற்படி கல்லைப் பொளிந்தார், பிழையில்லாமல் பொளிந்தார். சுவரைத் தாங்கிய முட்டுகளை, விருந்தாளிகள் படம் எடுப்பதற்காக அகற்றச் சொன்னது எங்கள் அலுவலகம். சுவர் ஆபத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் பழனிச்சாமியாகிய நான். முட்டுகளைத் திரும்ப வைக்க வந்த மரியதாஸை வீட்டுக்குப் போகச் சொன்னவனும் நான்.'

உபதேசியார் தயக்கத்தில் கடகடவென்று வாசித்து முடித்துத் தாளை மடித்தார். மரியதாஸ் குனிந்தபடியே இருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து ஆரோக்கியம் எழுந்து நின்றார்.

"இன்னொருக்கா வாசிங்க உபதேசியாரே. மெதுவா. எல்லார் காதுலயும் விழட்டும்."

உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். தாளைப் பிரித்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார். அவர் என் பெயர் வரும் வரியை வாசித்து முடிக்கும் வரை ஆரோக்கியம் உட்காரவில்லை.